பலாங்கொடைக் கல்லும் அடுத்த மோதுவியும்

பலாங்கொடை, பம்பரபொட்டுவப் பக்கத்து ஓடைகளில் இரத்தினக்கல் தேடுகிறவர்கள் சரளையைக் கூடையில் அள்ளி நீரில் சுழற்றி அரிப்பார்கள். மண்ணும் இலேசான கூழாங்கல்லும் விளிம்பால் வழிந்துபோகும். கனத்தது அடியில் தங்கும். நீலக்கல்லின் அடர்த்தி நீரினுடையதைப்போல் நான்கு மடங்கு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தக் கூடைகளின் அடியில் நீலக்கல்லைவிட இரு மடங்குக்கும் மேல் கனத்த, கரிய, சிறு கனசதுரக் கற்கள் கிடைத்தன. நகைக்கு அவை உதவா. 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் அளவைத் துறையின் பணிப்பாளராக இருந்த ஆனந்த குமாரசுவாமி 1904-இல் அவற்றை விவரித்தபோது, யுரேனியக் கனிமம் என்றே எண்ணினார். இலண்டன் இம்பீரியல் இன்ஸ்டிடியூட்டில் அதைப் பகுத்துப் பார்த்த விண்டம் டன்ஸ்டன், பெரும்பங்கு தோரியம் ஒக்சைட்டு என்று கண்டு ‘தோரியனைற்று’ எனப் பெயர் வைத்தார். நடராஜரைப் பற்றி எழுதிய குமாரசுவாமியை அறிந்தவர்களிற் பலர், அவர் கல் பார்த்துச் சம்பளம் வாங்கியவர் என்பதை அறியமாட்டார்கள்.

அந்தக் கல் இலண்டனில் வில்லியம் றம்சேயின் ஆய்வுகூடத்துக்குப் போனது. ஆங்கிலம் பழகவென்று 1904-இல் அங்கு வந்திருந்த ஒட்டோ ஹான் என்ற ஜேர்மன் இளைஞரிடம், தோரியனைற்றிலிருந்து பிரித்த பேரியம் உப்பைக் கொடுத்து, அதிலுள்ள ரேடியத்தைத் தூய்மையாக்கித் தரச் சொன்னார் றம்சே. ஹான் ரேடியத்தைத் தேடப் போய், அதுவரை எவரும் அறியாத ‘ரேடியோதோரியம்’ என்ற கதிர்த்தொழிற்பாட்டுப் பொருளை 1905-இல் கண்டுபிடித்தார். அந்த வெற்றியே அவரைக் கனடாவிலிருந்த எர்னஸ்ட் றதபோர்ட்டிடம் கொண்டுசேர்த்தது. 1938-இல் யுரேனியக் கருப்பிளவு வரை அவரை நடத்திச் சென்றது. சப்ரகமுவ மாகாணத்தின் ஓடைக்கல் அணுக்கரு இயற்பியலின் முதல் அத்தியாயத்திலேயே இருக்கிறது. கல் மட்டும் போனது. ஆய்வு முழுவதும் அங்கேயே நடந்தது.

அந்தக் காலத்து இயற்பியலாளருக்கு ஆர்முடுக்கி என்று ஒன்று இல்லை. அணுவைத் தாக்க அவர்களிடமிருந்த ஒரே எறிபடை, கதிர்த்தொழிற்பாட்டுப் பொருட்கள் தாமாக உமிழும் அல்பாத் துணிக்கை. தோரியத் தொடரின் கடைசிப் பகுதியில் வரும் பொலோனியம்-212 உமிழும் அல்பாவின் சக்தி 8.78 மெகா இலத்திரன்வோல்ற்று. இயற்கையான மூலப்பொருளிலிருந்து இதைவிடப் பெரிதாக எதிர்பார்ப்பதற்கில்லை. 1927-இல் ரோயல் சொசைற்றியின் தலைமையுரையில் றதபோர்ட், இதைவிடச் சக்தி கூடிய துணிக்கைகளைத் தாராளமாகத் தரும் பொறி வேண்டும் என்று கேட்டார். 1932-இல் கேம்பிரிட்ஜில் கொக்குரொவ்ற்றும் வோல்ற்றனும் செயற்கையாக முடுக்கிய புரோத்தன்களால் இலிதியம் கருவைப் பிளந்தார்கள். இன்று ஜெனீவாவுக்கருகே சேர்ன் நிலையத்தின் 27 கிலோமீற்றர் வளையத்தில் ஓடும் பெரும் ஹாட்ரன் மோதுவியில் ஒரு புரோத்தனின் சக்தி 6.8 தெரா இலத்திரன்வோல்ற்று. பலாங்கொடைக் கல் தந்ததைப்போல் ஏறத்தாழ எட்டு இலட்சம் மடங்கு. (மெகா பத்து இலட்சம், கிகா நூறு கோடி, தெரா இலட்சம் கோடி. இனிமேல் ‘இலத்திரன்வோல்ற்று’ என்பதை விட்டு 240 கிகா, 10 தெரா என்றே எழுதுகிறேன்.)

2012 ஜூலை 4-ஆம் திகதி அந்த மோதுவியில் ஹிக்ஸ் போசோன் கண்டுபிடிக்கப்பட்டதாக அறிவிப்பு வந்தது. அதற்குப் பின் புதிய துணிக்கை எதுவும் எதிர்பார்த்தபடி தலைகாட்டவில்லை. கரும்பொருள் என்ன, பிரபஞ்சத்தில் எதிர்ப்பொருள் ஏன் இல்லாமற் போனது, ஹிக்ஸின் திணிவு ஏன் இவ்வளவு குறைவு என்ற கேள்விகள் அப்படியே நிற்கின்றன. முன்பெல்லாம் அடுத்த பொறியைக் கட்டும்போது அங்கே எதைத் தேடுவது என்று கோட்பாடு சொல்லிக்கொடுத்தது. இப்போது அந்தச் சுட்டுவிரல் இல்லை. ஆகவே மோதுவித் திட்டங்களை ஒப்பிடும்போது எது சக்தி கூடியது என்று மட்டும் பார்ப்பது பிழை. எந்தக் கேள்விக்கு உறுதியாகப் பதில் தரும், எவ்வளவு மின்சாரம் தின்னும், எத்தனை தலைமுறையைக் கட்டிப்போடும் என்ற மூன்றையும் பார்க்கவேண்டும்.

புரோத்தனை மோதவிடுவது இரண்டு பலாப்பழங்களை ஒன்றோடொன்று எறிந்து, எந்தக் கொட்டை எந்தக் கொட்டையில் பட்டது என்று தேடுவதைப் போன்றது. குவார்க்குகளும் குளுவோன்களும் அடங்கிய கூட்டம் அது. பெரும் ஹாட்ரன் மோதுவியில் ஹிக்ஸ் ஏராளமாகப் பிறக்கிறது. ஆனால் சிதறல்களுக்குள் புதைந்துபோகிறது. இலத்திரனும் அதன் எதிர்த்துணிக்கையான பொசித்திரனும், நாம் அறிந்தவரை, உட்கூறு இல்லாதவை. மோதலுக்கு முன் இருந்த சக்தி துல்லியமாகத் தெரியும். ஹிக்ஸின் திணிவு 125 கிகா, இசட் போசோனின் திணிவு 91 கிகா. இரண்டையும் சேர்த்துப் பிறப்பிக்க 216 கிகாவுக்குச் சற்று மேலே போகவேண்டும். 240, 250 கிகாவில் இது மிக நன்றாக நடக்கிறது. இசட் சிதைந்து தரும் இரண்டு மியூவோன்களை மட்டும் அளந்து, தொடக்கச் சக்தியிலிருந்து கழித்தால் எதிர்ப்பக்கம் போனது எது என்று கணக்கே சொல்லிவிடும். ஹிக்ஸ் எதுவாகச் சிதைந்தாலும், கருவியில் அகப்படாத கரும்பொருளாகவே சிதைந்தாலும், கணக்கிலிருந்து தப்பாது. புரோத்தன் மோதுவியால் இது முடியாது. ‘ஹிக்ஸ் தொழிற்சாலை’ என்ற ஒரு பொறியை அடுத்துக் கட்டவேண்டும் என்பதில் உலக இயற்பியலாளர்கள் பெரும்பாலும் ஒத்துப்போவதற்குக் காரணம் இதுதான். அதை வளையமாகக் கட்டுவதா, நேர்கோடாகக் கட்டுவதா என்பதிலேதான் சண்டை.

வளையத்தின் இடைஞ்சல் ஒரே விதியில் அடங்கும். மின்னேற்றமுள்ள துணிக்கையை வளைத்து ஓட்டினால் அது ஒளியாகச் சக்தியை இழக்கும். அந்த இழப்பு சக்தியின் நான்காம் அடுக்கோடு ஏறும். திணிவின் நான்காம் அடுக்கோடு இறங்கும். புரோத்தன் இலத்திரனைப்போல் 1,836 மடங்கு கனம். அதனால் புரோத்தனுக்கு இது பெரிய தொல்லையல்ல. இலத்திரனுக்கோ தீராத தொல்லை. 1989 முதல் 2000 வரை அதே 27 கிலோமீற்றர் சுரங்கத்தில் ஓடிய லெப் மோதுவியில், கடைசிக் காலத்தில் ஒரு கற்றையின் சக்தி ஏறத்தாழ 104 கிகா. ஒவ்வொரு சுற்றிலும் அதில் 3 கிகாவுக்கு மேல் ஒளியாய்ப் போனது. நொடிக்குப் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுகள்; ஒவ்வொன்றிலும் இழந்ததைத் திரும்ப ஊட்டவேண்டும்.

இதற்குச் சேர்னின் விடை, வளையத்தைப் பெரிதாக்குவது. ‘எதிர்கால வட்ட மோதுவி’ எனும் திட்டத்தின் சாத்தியக்கூற்று ஆய்வு 2025 மார்ச் 31-இல் வெளியானது. 90.7 கிலோமீற்றர் சுற்றளவு, சராசரியாக 200 மீற்றர் ஆழம், பிரான்சுக்கும் சுவிற்சர்லாந்துக்கும் கீழே. முதற்கட்டத்தில் இலத்திரனும் பொசித்திரனும்: இசட் போசோனுக்காக 91 கிகா, பின் 160, ஹிக்ஸுக்காக 240, கடைசியில் உச்சி குவார்க்குக்காக 365 வரை. வளையம் பெரிதானதால் 120 கிகாக் கற்றை ஒரு சுற்றில் 2 கிகாவுக்கும் குறைவாகவே இழக்கும். எந்தக் கட்டத்திலும் ஒரு கற்றை இழக்கும் வலு 50 மெகாவாற்றைத் தாண்டக்கூடாது என்று வடிவமைப்பாளர்கள் தாமே ஒரு வேலி போட்டிருக்கிறார்கள். இரண்டு கற்றைக்கும் சேர்த்து 100 மெகாவாற்று.

இந்த 100 மெகாவாற்று எவ்வளவு என்பதை இரத்தினபுரி மாவட்டத்தாருக்கு விளக்குவது எளிது. பெலிஹுல்ஓயாவுக்குக் கீழே வளவை கங்கையை மறித்துக் கட்டிய சமனலவெவ நீர்மின் நிலையத்தில் இரண்டு பொறிகள். ஒவ்வொன்றும் 60 மெகாவாற்று. இரண்டும் முழு வேகத்தில் ஓடினாலும், அந்த மின்சாரத்தில் பெரும்பகுதி வளையத்தின் வளைவுகளில் ஒளியாய்ப் போவதை ஈடுசெய்யவே சரியாகும். காந்தம், குளிரூட்டல், கணினி எல்லாம் வேறு. ஆண்டுக்கு ஒன்று முதல் இரண்டு தெராவாற்று மணி வரை இந்தப் பொறி எடுக்கும் என்பது மதிப்பீடு. இலங்கை முழுவதும் ஓராண்டில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு அது. சேர்ன் இப்போதே ஆண்டுக்குச் சுமார் 1.3 தெராவாற்று மணி எடுக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். புதிய பொறி வந்தால் மலையளவு கூடிவிடும் என்பது மிகை.

அவ்வளவு மின்சாரத்துக்குக் கிடைப்பது என்ன? லெப் தன் ஆயுளில் கண்ட இசட் போசோன்கள் சுமார் 1.7 கோடி. புதிய வளையம் அந்தத் தொகையை இரண்டு நிமிடத்துக்குள் எட்டும். மொத்தத்தில் ஆறு இலட்சம் கோடி இசட் என்பது இலக்கு. ஹிக்ஸ் இருபது இலட்சம் அளவில். மோதல்களின் எண்ணிக்கையில் வளையத்தை நேர்கோடு நெருங்க முடியாது.

நேர்கோட்டுக்காரர் வாதமும் இலேசானதல்ல. வளைவே இல்லாவிட்டால் வளைவில் இழப்பும் இல்லை. பிற்பாடு சக்தியைக் கூட்ட விரும்பினால் சுரங்கத்தை நீட்டினால் போதும். வளையமோ 365 கிகாவோடு மூச்சுமுட்டி நிற்கும். நேர்கோட்டின் குறை வேறு: ஒருமுறை கடந்த கற்றையைத் திருப்பிப் பயன்படுத்த முடியாது. ஆகவே ஒவ்வொரு கடப்பிலும் மோதலைக் கூட்டக் கற்றையை நம்பமுடியாத அளவுக்கு நசுக்குகிறார்கள். யப்பானுக்கென்று திட்டமிட்ட சர்வதேச நேர்கோட்டு மோதுவியில் மோதும் இடத்தில் கற்றையின் உயரம் 7.7 நனோமீற்றர். எதிரெதிரே 20 கிலோமீற்றர் நீளத்தில் வரும் இரண்டு கற்றைகள் அந்தத் தடிப்பில் ஒன்றையொன்று சந்திக்கவேண்டும். இதுவரை கட்டி ஓட்டப்பட்ட நேர்கோட்டு மோதுவி உலகில் ஒன்றே ஒன்று: கலிபோர்னியாவில் 1989 முதல் 1998 வரை இயங்கிய எஸ்எல்சி.

யப்பானியத் திட்டம் 250 கிகா. 2 கெல்வினுக்குக் குளிரூட்டிய நையோபியக் குழிகள், மீற்றருக்கு 31.5 மெகாவோல்ற்று. இதே தொழில்நுட்பம் ஜேர்மனியில் 2017 முதல் எக்ஸ்-கதிர் இலேசர் ஒன்றில் நன்றாக வேலை செய்கிறது. வடிவமைப்பு 2013-இலேயே முடிந்தது. 2019-இல் யப்பான் அரசு இன்னும் முடிவெடுக்கும் நிலையில் இல்லை என்று சொன்னதோடு சரி. கிளிக் எனப்படும் சேர்ன் திட்டம் சாதாரண வெப்பநிலையிலுள்ள செப்புக் குழிகளில் மீற்றருக்கு 72 மெகாவோல்ற்றுக்கு மேல் ஏற்றுகிறது. அதனால் 380 கிகாவுக்குச் சுமார் 11 கிலோமீற்றரே போதும். ஆனால் இன்னொரு கற்றையிலிருந்து வலுவை உறிஞ்சி ஊட்டும் அந்த முறையில் முழு அளவுப் பொறி எங்கும் ஓடியதில்லை. யப்பானியத் திட்டத்தின் தொழில்நுட்பத்தைச் சேர்னுக்கே கொண்டுவந்து 33.5 கிலோமீற்றரில் கட்டலாம் என்றும் 2025-இல் ஒரு யோசனை வந்திருக்கிறது. சீனா 100 கிலோமீற்றர் வளையம் ஒன்றின் தொழில்நுட்ப அறிக்கையை 2023-இல் வெளியிட்டது. செலவு 3,640 கோடி யுவான். ஐரோப்பாவை முந்திவிடும் என்று பலரும் நினைத்திருக்க, 2026-இல் தொடங்கும் ஐந்தாண்டுத் திட்டத்தில் அது இடம்பெறவில்லை.

என்னைக் கேட்டால், இந்தப் பட்டியலில் மிகத் துணிச்சலானது மியூவோன் மோதுவி. மியூவோன் இலத்திரனின் 207 மடங்கு திணிவு கொண்டது, உட்கூறு இல்லாதது. வளைவில் இழப்பு 180 கோடி மடங்கு குறையும். 10 தெரா சக்தியை 10 கிலோமீற்றர் வளையத்தில் அடக்கலாம். சிக்கல், மியூவோன் 2.2 மைக்ரோ நொடியில் அழிந்துவிடும் என்பது. 5 தெராச் சக்தியில் ஓடும்போது சார்பியலின் புண்ணியத்தில் அதன் ஆயுள் பத்தில் ஒரு நொடியாக நீளும். வளையத்தைச் சுமார் மூவாயிரம் தடவை சுற்றலாம். பிறந்த மியூவோன்கள் தாறுமாறாய்ச் சிதறிப் பறக்கும். அவற்றை ஒரு கற்றையாய் அடக்கி எடுக்கவேண்டும். பிரித்தானியாவின் றதபோர்ட் அப்பிள்ரன் ஆய்வுகூடத்தில் ‘மைஸ்’ பரிசோதனை அந்த அடக்கலின் முதற்படி சாத்தியம் என்று 2020-இல் காட்டியது. முதற்படி மட்டுமே. அமெரிக்காவின் துணிக்கை இயற்பியல் திட்டமிடல் குழு 2023 டிசம்பரில் இதை நீண்டகாலக் கனவாக முன்வைத்தது.

மியூவோனைப் பிறப்பிக்கப் புரோத்தன் கற்றையை ஓர் இலக்கில் மோதவேண்டும். இப்போதைய வடிவமைப்பில் அந்த இலக்கு காரீயக் (கிரபைட்டு) கோல். பெரும் ஹாட்ரன் மோதுவியிலும் ஓட்டத்தின் முடிவில் கற்றையைக் கொட்டித் தீர்ப்பது ஏறத்தாழ 8 மீற்றர் நீளக் காரீயத்தில்தான். அத்தனை வெப்பத்தை உருகாமல் தாங்க அதற்கே முடியும். இவை ஆலையில் செயற்கையாகச் செய்யும் காரீயம். கேகாலை மாவட்டத்தின் போகலைச் சுரங்கத்தில் வெட்டுவது நிலத்தடியில் நரம்பாக ஓடும் இயற்கைக் காரீயம். தூய்மையில் உலகில் அதற்கு நிகர் அரிது. தோரியனைற்றைப்போலவே அதுவும் பெரும்பாலும் மூலப்பொருளாகக் கப்பலேறுகிறது.

சுரங்கம் என்று வந்தபின் பாறையைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. லெப் சுரங்கம் தோண்டியபோது ஜூரா மலையடிச் சுண்ணக்கல்லில் நீர் பீறிட்டு வேலை தடைப்பட்டது. புதிய வளையத்தின் இடத்தை முடிவுசெய்யும்போது அந்தச் சுண்ணக்கல்லை இயன்றவரை ஒதுக்கி, மென்மையான மொலாஸ் பாறைக்குள்ளேயே பாதையை வைத்திருக்கிறார்கள். சுண்ணக்கல்லின் குகைகளும் வெடிப்புகளும் என்ன செய்யும் என்பது சமனலவெவவுக்குத் தெரியும். 1992-இல் நீர்த்தேக்கத்தை நிரப்பும்போது வலக்கரை உடைத்துக்கொண்டு ஒழுகியது. சீமெந்துக் கலவை ஊட்டிப் பார்த்தார்கள், மண் கொட்டி மூடப் பார்த்தார்கள். ஒழுக்கு முற்றாக நிற்கவில்லை. இன்றும் ஒழுகும் அந்த நீர் கல்தொட்டை வயல்களுக்குப் போகிறது. அணையை எப்படியோ காப்பாற்றி ஓட்டலாம். 90 கிலோமீற்றர் சுரங்கத்தில் மில்லிமீற்றர் பிசகாமல் வரிசையாக நிற்கவேண்டிய காந்தங்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

செலவுக்கு வருவோம். புதிய வளையத்தின் முதற்கட்டம் 1,500 கோடி சுவிஸ் பிராங். இரண்டாயிரத்து நாற்பதுகளின் பிற்பகுதியில் ஓடத் தொடங்கும். அதே சுரங்கத்தில் எழுபதுகளில் புரோத்தன் மோதுவி, 14 தெஸ்லாக் காந்தங்களோடு, 85 தெரா வரை. முன்பு 100 தெரா என்று சொல்லிவந்தார்கள். காந்தத்தை நடைமுறைக்கு ஏற்றபடி கணக்கிட்டபோது இலக்கு இறங்கியது. அந்த இறக்கத்தை நான் நேர்மையின் அடையாளமாகவே பார்க்கிறேன். 2025 டிசம்பரில் ஐரோப்பிய மூலோபாயக் குழு இந்த வளையத்தையே முதல் தெரிவாகப் பரிந்துரைத்தது. பணம் போதாவிட்டால் அதையே சற்றுச் சுருக்கிக் கட்டவேண்டும் என்றது. அதே மாதம் தனியார் கொடையாளர்கள் 86 கோடி யூரோ தருவதாக அறிவித்தார்கள். அடிப்படை அறிவியலின் திசையைக் கோடீசுவரர்களின் கொடை முடிவுசெய்யும் நிலை நல்லதா என்று ஐரோப்பாவில் கேட்கிறார்கள். கேட்கவேண்டிய கேள்விதான்.

இப்படிப்பட்ட கணக்கு பிழைத்துப்போன உதாரணமும் உண்டு. அமெரிக்கா டெக்சாசில் 87 கிலோமீற்றர் மோதுவிக்கு ஏறத்தாழ 200 கோடி டொலர் செலவழித்து, 23 கிலோமீற்றர் சுரங்கமும் தோண்டியபின், 1993 ஒக்டோபரில் கைவிட்டது. தேனி மாவட்டப் பொட்டிப்புரத்தில் நியூத்திரினோ ஆய்வகத்துக்கு 2015-இல் இந்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தும், உள்ளூர் மக்களின் எதிர்ப்பாலும் வழக்குகளாலும் மலைக்குள் இன்னும் குடைந்தபாடில்லை. மலைக்குக் கீழே போகிற எந்தத் திட்டமும் மலைமேல் இருப்பவர்களிடம் முதலில் பேசவேண்டும் என்பதை விஞ்ஞானிகள் பிந்தியே கற்கிறார்கள். ஜெனீவாச் சுற்றுப்புறக் கிராமங்களிலும் இப்போது எதிர்ப்புக் குரல் கேட்கிறது.

ஆக என் தீர்ப்பு இது. முதற்கட்ட வளையத்தை அதன் சொந்தத் தகுதியில் நிறுத்திப் பார்க்கவேண்டும். எழுபதுகளின் புரோத்தன் மோதுவியைக் காட்டி இன்றைய சுரங்கத்துக்குப் பணம் கேட்பது முறையல்ல. ஐம்பது ஆண்டு கழித்து எந்தக் காந்தம் இருக்கும், எந்தக் கேள்வி இருக்கும் என்று இன்று எவராலும் உறுதி சொல்லமுடியாது. சொந்தத் தகுதியில் பார்த்தாலும் வளையம் வெல்கிறது. ஹிக்ஸுக்கும் இசட்டுக்கும் அது தரும் எண்ணிக்கையை எந்த நேர்கோடும் தராது, பழகிய தொழில்நுட்பம், நான்கு இடங்களில் ஒரே நேரத்தில் பரிசோதனை நடத்தலாம். நேர்கோட்டின் நீட்டிக்கும் வசதி, நீட்டுவதற்குக் காரணம் தெரிந்தபின்தான் பெறுமதியாகும். ஆனால் வளையத்துக்குப் பணம் போகிறது என்று மியூவோன் ஆய்வைப் பட்டினி போட்டால், அடுத்த தலைமுறைக்கு 90 கிலோமீற்றர் சுரங்கம் ஒன்றைத் தவிர வேறு தெரிவு இல்லாமற் போகும். மொத்தச் செலவில் மிகச் சிறு பங்கே அதற்கு வேண்டும்.

இலங்கைக்கு இதில் என்ன? 2017-இல் சேர்னோடு ஒத்துழைப்பு உடன்படிக்கை கையெழுத்தானது. கொழும்பு, ருகுணைப் பல்கலைக்கழகங்களின் பெயர்கள் பெரும் ஹாட்ரன் மோதுவியின் சிஎம்எஸ் பரிசோதனைக் கட்டுரைகளின் நீண்ட ஆசிரியர் பட்டியலில் வருகின்றன. சமனலவெவவுக்குக் கூப்பிடு தூரத்திலுள்ள சப்ரகமுவப் பல்கலைக்கழகத்திலும் பௌதிக விஞ்ஞானம் கற்பிக்கிறார்கள். ஆனால் இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டப் பிள்ளைகள் அந்த வாசல் வரை வருவதற்கே தமிழ்மொழி மூல உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள பாடசாலைகளும் பௌதிக ஆசிரியர்களும் போதாது. க.பொ.த. சாதாரணதரத்தில் விஞ்ஞானத்தில் நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளை கலைப்பிரிவுக்குப் போவதும், வசதி உள்ளது ஹற்றனுக்கோ பதுளைக்கோ போவதும் இங்கு வழக்கமாகிவிட்டது. அந்தப் பற்றாக்குறையை நிரப்புவது மாகாணக் கல்வித் திணைக்களத்தின் வேலை; அதற்கு ஜெனீவாவில் அனுமதி வேண்டியதில்லை.

அதுவரை காத்திருக்காமல் ஆசிரியர்கள் செய்யக்கூடிய ஒன்று உண்டு. சிஎம்எஸ் பரிசோதனையில் பதிவான உண்மையான மோதல் தரவுகள் 2014 முதல் இணையத்தில் எவருக்கும் இலவசமாகத் திறந்திருக்கின்றன. இரண்டு மியூவோன்களின் சக்தியையும் திசையையும் எடுத்து இசட்டின் திணிவைக் கணிப்பதற்கு உயர்தரப் பௌதிகமும் ஒரு சாதாரணக் கணினியும் போதும். பலாங்கொடையிலோ தெஹியோவிற்றயிலோ உயர்தரத்துக்குப் பௌதிகம் கற்பிக்கும் ஆசிரியர் எவராவது இதை வாசித்தால், அடுத்த தவணையில் ஒரு பாடவேளையை அதற்கு ஒதுக்குங்கள்.